டிவியில் துள்ளிய வீடியோ, நடுங்கிய படங்கள்: சரிசெய்த விதம்

மும்பை மாட்டுங்காவில் நடந்த அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோவையும் கேமரா படங்களையும் ஒரே டிவிடியில் சேர்த்தேன். கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடியது. டிவியில் போட்டால், யாராவது கையை அசைத்தாலே உருவம் முன்னும் பின்னும் துள்ளியது. படங்களில் அம்மாவின் புடவை ஜரிகை நடுங்கியது.

லாமிங்டன் ரோட்டில் வேறு டிஸ்க் வாங்கி, வேகத்தைக் குறைத்து எழுதினேன். பக்கத்து வீட்டு பிளேயரிலும் போட்டேன். அதே துள்ளல்.

பழைய குழாய் டிவி ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாக, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும்; இந்தப் பாதிக்கு ‘ஃபீல்ட்’ என்று பெயர். மினி-டிவி (MiniDV) கேம்கார்டர் டேப்பில் இரட்டை வரிப் பாதிதான் (லோயர் ஃபீல்ட்) முதலில். டிவிடி தயாரித்த மென்பொருளோ ஒற்றை வரிப் பாதியை முதலில் வைத்திருந்தது. கம்ப்யூட்டர் திரை இரண்டையும் சேர்த்தே காட்டுவதால் அங்கே இது பிடிபடாது. ‘லோயர் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்’ என்று மாற்றியதும் துள்ளல் நின்றது. அப்பாடா!

ஜரிகை நடுக்கம் வேறு விஷயம். மெல்லிய படுக்கைக்கோடு ஒரு பாதியில் மட்டும் விழுந்தால் அணைந்து அணைந்து எரியும். படங்களை 768×576 அளவுக்குச் சுருக்கி, மேல்கீழாக மட்டும் ஒரு பிக்சல் மங்கலாக்கினேன். சரியாகிவிட்டது.

முழுதாக எழுதும் முன், ஆரத்தி சுற்றும் ஒரு நிமிடத்தை மட்டும் அழித்தெழுதும் டிஸ்கில் போட்டு டிவியிலேயே பாருங்கள்.