சிறு டிராக்டரின் லோடர் பக்கெட்டுக்கு ஃபோர்க் முட்கள் செய்யும் முறை

சிங்கப்பூரின் லிம் சூ காங், சுங்கை தெங்கா பகுதிகளிலுள்ள செடிப் பண்ணைகளுக்கு உரமூட்டையும் தொட்டிமண்ணும் பேலட்டில்தான் (மூட்டைகளை அடுக்கும் மரப்பலகைத் தட்டில்) வந்து இறங்குகின்றன. சேற்று நிலத்தில் சாதாரண ஃபோர்க்லிஃப்ட் ஓடாது என்பதால், கையிலிருக்கும் சிறு டிராக்டரின் லோடர் பக்கெட்டிலேயே (முன்னால் மண் அள்ளும் தொட்டியிலேயே) இரண்டு இரும்பு முட்களைக் கவ்வவைத்துப் பேலட்டைத் தூக்க முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். வெல்டிங் நன்கு தெரிந்தவர் செய்துவிடலாம். ஆனால் இரும்பை வெட்டுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும். இந்த அமைப்பில் முள் முறிவது அரிது, பக்கெட்டின் விளிம்பு வளைவதும் டிராக்டரின் பின்சக்கரங்கள் மேலெழும்புவதுமே நடக்கக்கூடியவை.

லோடரின் தூக்கும் திறன் என்று கையேட்டில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பக்கெட்டை லோடர் கையோடு மாட்டியிருக்கும் இணைப்பு ஊசிகளின் (pin) இடத்தில் அளந்த எடையாகும். அங்கே 400 கிலோ என்று போட்டிருந்தால் முள்ளின் மேலும் 400 கிலோ வைக்கலாம் என்று கொள்ளக் கூடாது. லோடர் கை தன் மூட்டிலிருந்து அந்த ஊசி வரை 1.8 மீட்டர் என்றும், சுமையின் நடுப்பகுதி ஊசிக்கு 1 மீட்டர் முன்னால் அமைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 400-ஐ 1.8-ஆல் பெருக்கி 2.8-ஆல் வகுத்தால் 257 கிலோதான் வரும். அதிலிருந்து சுமார் 70 கிலோ பக்கெட்டும் 30 கிலோ முட்களும் எடுத்துக்கொள்ளும் பங்கைக் (அவை சுமையைவிட ஊசிக்கு அருகில் இருப்பதால் இது 100 அல்ல, ஏறத்தாழ 80 கிலோ) கழித்தால், மிஞ்சுவது ஏறத்தாழ 175 கிலோ. மரப் பேலட்டின் எடை 25 கிலோ என்றால், 50 கிலோ மூட்டைகள் மூன்றுக்கு மேல் ஏற்ற இடமில்லை. மழையில் நனைந்த தொட்டிமண் என்றால் மூன்றும்கூட அதிகம். இந்தக் கணக்கு பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆயினும் இதை ஏற்றுக்கொள்ளாமல் வேலையைத் தொடங்குவதில் பயனில்லை.

அடுத்துக் கவனிக்க வேண்டியது முள்ளின் வால், அதாவது விளிம்புக்குப் பின்னால் பக்கெட்டின் அடித்தகட்டுக்குக் கீழே நீளும் பகுதி. முன்னால் சுமை கீழே அழுத்தும்போது வால் மேல்நோக்கி எழும்பி அடித்தகட்டை முட்டும். இரண்டு விசைகளையும் சேர்த்து விளிம்பு தாங்க வேண்டியிருக்கும். ஒரு முள்ளின் மேல் 90 கிலோ, விளிம்பிலிருந்து 45 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொண்டால், வால் 15 செ.மீ. மட்டுமே இருக்கும்போது விளிம்பில் 360 கிலோ இறங்குகிறது. வாலை 35 செ.மீ. ஆக்கினால் அது ஏறக்குறைய 205 கிலோவாகக் குறைகிறது. கடையில் விற்கும் மலிவான கவ்விகளில் வால் மிகக் குட்டையாக இருப்பதற்கு இரும்பை மிச்சப்படுத்துவதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

முள்ளுக்கு 75 மி.மீ. உயரமும் 50 மி.மீ. அகலமும் 5 மி.மீ. சுவரும் கொண்ட செவ்வக இரும்புக் குழாய் போதும். விளிம்புக்கு முன்னால் 90 செ.மீ., பின்னால் 35 செ.மீ. என்று வெட்டி, நுனியின் அடிப்பக்கத்தைச் சரிவாகச் சீவிவிட்டால் பேலட்டின் திறப்பில் எளிதாக நுழையும். விளிம்பு வரும் இடத்தில் குழாயின் இருபுறமும் 10 மி.மீ. தகடுகளை நிமிர்த்திப் பற்றவைத்து, அவற்றின் மேல் 20 மி.மீ. தகட்டைப் பாலம்போல் வைத்துக் கவ்வியை உருவாக்க வேண்டும். அந்தப் பாலத்தின் நடுவே மறையிட்டு இறக்கும் 20 மி.மீ. போல்ட்டின் முனை, நேராக விளிம்பைக் குத்தாமல் ஒரு சிறு தகட்டின் மேல் அழுத்தும்படி இருக்கட்டும். பக்கத் தகடுகளைக் குழாயின் நீளவாக்கில் மட்டுமே பற்றவைக்க வேண்டும். குழாயின் மேற்பரப்பில் குறுக்காக வெல்டிங் போட்டால், சுமை ஏறும்போது இழுவிசை அதிகமாக இருக்கும் அதே இடத்தில் விரிசல் தொடங்கும். நாகமுலாம் பூசிய குழாயாக இருந்தால், பற்றவைக்கும் இடங்களில் முலாமை முழுவதும் தேய்த்தெடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும், ஏனெனில் அந்தப் புகையை முகர்ந்தால் காய்ச்சல் வரும்.

இரண்டு வால்களையும் ஓர் ஆங்கிள் இரும்பால் (L வடிவ இரும்பால்) இணைத்தால் முட்கள் பக்கவாட்டில் விலகாது. போல்ட் தளர்ந்தாலும் முள் நழுவி விழாதிருக்க, ஒவ்வொன்றையும் ஷேக்கிள் (U வடிவ இணைப்பு வளையம்) மாட்டிய சங்கிலியால் பக்கெட்டின் பின்புறத்தோடு கட்டுவது அவசியம்.

குழாயின் இரு முனைகளையும் நீர் புகாதபடி தகடு வைத்து அடைத்துவிடுங்கள். சிங்கப்பூர் மழையில் வெளியே கிடக்கும் திறந்த குழாய், அடுக்குமாடி வீடுகளில் துணி காயப்போடும் கம்புகளைச் செருகும் பழைய குழாய்களைப் போலவே, ஏடிஸ் கொசு முட்டையிடும் இடமாகிவிடும்.

பழைய ஃபோர்க்லிஃப்டின் முட்களை வாங்கிப் பொருத்தலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. அவை ஒரு ஜோடியே 80 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால் சிறு லோடரின் திறனில் கணிசமான பங்கை அவையே விழுங்கிவிடும். மேலும் அவை வெப்பப் பதனம் செய்த எஃகு என்பதால் பட்டறையில் துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது.

முன்னால் சுமை ஏறும்போது பின்னால் எதிர் எடை இல்லாமல் ஓட்டக் கூடாது. 200 லிட்டர் பீப்பாயில் பாதியளவு கான்கிரீட் நிரப்பினால் ஏறத்தாழ 240 கிலோ வரும். டிராக்டரின் பின்புறம் கருவிகளை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பு அதைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு மாட்டலாம். நகரும்போது சுமை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போக வேண்டாம், இருக்கைப் பட்டையை அணிந்திருக்க வேண்டும், முட்களின் மேல் எக்காரணத்திற்காகவும் ஆளை ஏற்றக் கூடாது.

முதல் சோதனைக்கு முன் பக்கெட்டின் விளிம்பில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நூலை இழுத்துக் கட்டுங்கள். கணக்கிட்ட சுமையை ஏற்றி 10 செ.மீ. மட்டும் தூக்கிச் சில நிமிடங்கள் நிறுத்தி, பிறகு இறக்கிவிட்டு நூலைப் பார்த்தால், விளிம்பு நிரந்தரமாக வளைந்திருந்தால் நூலுக்கும் இரும்புக்கும் இடையில் வெளிச்சம் தெரியும். அப்படித் தெரிந்தால் சுமையைக் குறைப்பதோடு விளிம்பையும் தடித்த பட்டையால் வலுப்படுத்த வேண்டும். பதனம் செய்த விளிம்பாக இருந்தால் பட்டையை வெல்டிங் செய்யாமல், ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு இறுக்குவதே சரி.

சொந்த உபயோகத்துக்கு அல்லாமல் ஊழியர்களை வைத்து இயக்குவதாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி பொறுப்பு முதலாளியைச் சேரும். அபாய மதிப்பீட்டை எழுதி வைத்து, தகுதிபெற்ற பொறியாளர் ஒருவரிடம் வரைபடத்தையும் வெல்டிங்கையும் காட்டிய பிறகே வேலைக்கு விட வேண்டும். அனுமதித்த எடையைக் கிலோவில், எண்ணால், இரு முட்களின் பக்கத்திலும் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதிவிட்டால், எந்த மொழி பேசும் ஊழியருக்கும் அது புரியும்.