சதுரத்தின் மூலை எங்கே போனது? கோயில் தூணிலிருந்து ஒரு வடிவியல் பாடம்

எண்கோணப் பாடத்தை நான் எப்போதும் தூணிலிருந்தே தொடங்குவேன். கடலூர்ப் பிள்ளைகளுக்குத் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலும் பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகையும் எட்டும் தூரம்தான். மேலும் கீழும் சதுரம், இடையில் எட்டுப்பட்டை என அமைந்த தூண்கள் தமிழகக் கோயில்களில் பரவலாக உண்டு. அந்த இடைப்பகுதிக்குக் ‘கட்டு’ என்று பெயர்.

படி 1: அப்படியொரு தூணைப் பிள்ளைகள் தடவிப் பார்க்கட்டும். “சதுரத்தின் மூலை எங்கே போனது?” என்று மட்டும் கேளுங்கள். தூணில் சுண்ணக்கட்டி படவே கூடாது.

படி 2: வகுப்பில் 24 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டை, நூல், கத்தரிக்கோல் போதும். மூலைக்கு மூலை நூலைப் பிடித்து, மூலைவிட்டத்தின் நீளத்துக்கு வெட்டி, இரண்டாக மடியுங்கள். மடித்த நீளம் ஏறத்தாழ 17 செ.மீ. இருக்கும்.

படி 3: மடித்த நூலின் ஒரு முனையை ஒரு மூலையில் வைத்து, அங்கிருந்து செல்லும் இரு பக்கங்களிலும் மறுமுனை தொடும் இடத்தைக் குறியுங்கள். நான்கு மூலைகளிலும் இப்படிச் செய்தால் எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் 7, 10, 7 எனப் பிரிந்திருக்கும்.

படி 4: ஒவ்வொரு மூலையையும் அடுத்துள்ள இரு புள்ளிகளை இணைத்து, மூலையை வெட்டி எடுங்கள். எட்டுப்பட்டை கைக்கு வந்துவிடும்.

இனி அவசரப்படாதீர்கள்; பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வெட்டிய முக்கோணத்தைப் பிள்ளைகள் அளக்கட்டும். சிறு பக்கங்கள் 7, 7. வெட்டிய பக்கம் கிட்டத்தட்ட 10. பிதாகரஸ் தேற்றப்படி 49 + 49 = 98; பத்தின் வர்க்கமோ 100. “அப்படியானால் பக்கங்கள் சமமில்லையா?” என்று ஒரு குழந்தையாவது கேட்கும். அந்தக் கேள்விக்காகவே 24 செ.மீ. என்ற அளவைத் தேர்ந்தெடுத்தேன். நூல் தந்த அளவு துல்லியமானது. அதை முழு எண்ணாக்கியது நாம்தான். கால்குலேட்டரில் 24-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் 16.97 வரும். அதைக்கொண்டு மறுபடி கணக்கிட்டால் எட்டுப் பக்கங்களும் 9.94-இல் வந்து நிற்கும்.

பெரிய வகுப்பானால் பரப்பளவும் பார்க்கலாம்: சிறு பக்கத்தை 7 என்றே கொண்டால், 576-இலிருந்து நான்கு முக்கோணங்களின் 98 போக, ஏறத்தாழ 478 சதுர செ.மீ.

மக்களின் கைவேலையிலும் கட்டடங்களிலும் உள்ள கணக்கைப் பாடமாக்கும் இந்த அணுகுமுறையை இனக்கணிதம் என்கிறோம். பிரேசில் அறிஞர் உபிராத்தன் டி அம்புரோசியோ 1984-இல் அடிலெய்டு மாநாட்டில் இதை உலக ஆசிரியர்கள் முன் வைத்தார். பிள்ளைகளிடம் இந்தப் பெயரைக் கடைசியில் சொன்னால் போதும். அதற்கு முன், வெட்டிய நான்கு மூலைகளையும் அட்டையோடு மீண்டும் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.