செம்பருத்தியில மாவுப்பூச்சியா? மருந்து வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க

எங்க வீடு மதுரையில அனுப்பானடி பக்கம். மொட்டைமாடியில இருபது க்ரோ பேக், கத்தரி, வெண்டை, மிளகாய், ரெண்டு மல்லி, ஒரு அடுக்குச் செம்பருத்தி. முதல் வருசம் அந்தச் செம்பருத்தி நுனியில பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா வந்துச்சு, சரி தூசியா இருக்கும்னு விட்டுட்டேன், பத்தே நாள்ல மொட்டெல்லாம் சுருங்கி இலை பிசுபிசுன்னு ஆகி பக்கத்துல இருந்த கத்தரிக்கும் ஏறிருச்சு. அந்தப் பத்து நாளும் நான் தினம் தண்ணி ஊத்தத்தான் செஞ்சேன், ஒரு இலையைக்கூட திருப்பிப் பார்க்கல. அதனால இதுல முதல் வேலையே பார்க்குறதுதான்.

முதல்ல, இலையைத் திருப்புங்க. காலையில தண்ணி ஊத்தும்போது பத்து நிமிசம் போதும். பூச்சி பெரும்பாலும் இலைக்கு அடியிலயும் கணுவுலயும் குருத்துலயும்தான் இருக்கும். வெள்ளைப் பஞ்சுன்னா மாவுப்பூச்சி. பச்சையாவோ கருப்பாவோ குருத்துல அப்பிக் கிடந்தா அசுவினி. செடியைத் தட்டுனதும் வெள்ளையா பறந்துட்டு மறுபடி உக்காந்தா வெள்ளை ஈ. மிளகாயில இலை மேல்பக்கமா சுருண்டா இலைப்பேன், கீழ்ப்பக்கமா கவுந்து சுருண்டா சிலந்திப்பேன், ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஒரே மருந்தை அடிக்காதீங்க. கத்தரியில நுனி மட்டும் வாடித் தொங்குதா? தண்ணி பத்தலன்னு நெனைக்காதீங்க, அந்த நுனியைக் கிள்ளி நீளவாக்குல பிளந்து பாருங்க, உள்ள வெளிர் ரோஸ் கலர்ல ஒரு புழு இருக்கும். தண்டுத்துளைப்பான். இதுக்கு ஸ்ப்ரேயெல்லாம் வேண்டாம், வாடுன இடத்துக்குக் கீழ ஒரு இஞ்சு விட்டு வெட்டி சோப்புத் தண்ணியில போட்டுருங்க, துளை விழுந்த காயையும் பறிச்சுருங்க.

அடுத்தது எறும்பு. இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. மாவுப்பூச்சியும் அசுவினியும் சாறை உறிஞ்சிட்டு இனிப்பா ஒரு திரவம் விடும், இலை பிசுபிசுன்னு இருக்குறது அதனாலதான். அதைத் தின்ன வர்ற எறும்பு, மாவுப்பூச்சியைத் திங்க வர்ற பூச்சிங்களை விரட்டி விட்டுரும். மாவுப்பூச்சியை ஒரு செடியிலருந்து இன்னொரு செடிக்குத் தூக்கிட்டுப் போறதும் உண்டு. ஆக எறும்பு ஏறுற வழியை அடைக்காம நீங்க என்ன அடிச்சாலும் மறுபடி வரும். நான் ஸ்டாண்டோட நாலு காலையும் பழைய கிண்ணத்துல வச்சு தண்ணி ஊத்தியிருக்கேன். கொசு வராம இருக்க ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி, மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும். செடியோட கிளை சுவத்துல படக்கூடாது, பட்டா அதுவே எறும்புக்குப் பாலம்.

மூணாவது, கழுவுறது. மாவுப்பூச்சி மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு, மருந்து அதுமேல உருண்டு ஓடிரும். அதனால ரொம்ப மோசமான கொப்பை வெட்டி பாலித்தீன் கவருல கட்டிப் போடுங்க, உரக்குழியில போடாதீங்க. மிச்சத்தை ஹோஸ்ல வேகமா தண்ணி அடிச்சு, பழைய டூத்பிரஷ்ஷால பைய தேச்சு விடுங்க. பாதிப் பிரச்சனை இதுலயே முடிஞ்சுரும்.

இப்பதான் வேம்பு. அவசரத்துக்கு வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி. எண்ணெயில முதல்ல கொஞ்சம் காதி சோப்புக் கரைசலை ஊத்தி நல்லா அடிச்சுக்கிட்டு அப்புறம் தண்ணி சேருங்க, இல்லாட்டி எண்ணெய் தனியா மிதக்கும். முதல்ல ரெண்டு இலையில மட்டும் அடிச்சு ஒரு நாள் பாருங்க. சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்புறம்தான் அடிக்கணும். நான் சித்திரை மாசம் காலை பதினோரு மணிக்கு அடிச்சேன், மதுரை வெயிலு சொல்லவா வேணும், மறுநாள் கத்தரி இலை ஓரமெல்லாம் கருகிப்போய் கையில தொட்டா நொறுங்குது. நாலு செடி போச்சு, இன்னைக்கும் மனசு ஆறல. வேம்போட வீரியமும் வெயில்ல சீக்கிரம் போயிரும், அதனாலயும் சாயங்காலம்தான் சரி.

நேரம் இருந்தா வேப்பங்கொட்டைக் கரைசல், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. ஓடு நீக்குன பருப்பு 50 கிராம் எடுத்து இடிச்சு, துணியில முடிஞ்சு, ராத்திரி தண்ணியில ஊறப் போடுங்க. மறுநாள் சாயங்காலம் அந்த முடிச்சைப் பிழிஞ்சுக்கிட்டே இருங்க, தண்ணி பால் மாதிரி ஆகும், கை ரெண்டு நாளைக்குக் கசக்கும். வடிகட்டி ஒரு லிட்டராக்கி கொஞ்சம் சோப்பு சேர்த்து அன்னைக்கே அடிச்சுருங்க, வச்சிருந்து அடிக்க வேண்டாம். மாவுப்பூச்சிக்கு வாரம் ஒரு தடவை, மூணு வாரம் விடாம அடிக்கணும், ஏன்னா அந்தப் பஞ்சுக்குள்ள இருக்குற முட்டை பின்னாடி பொரிக்கும்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன், அடிக்கிறதுக்கு முன்னாடி யாரு யாருன்னு பாருங்க. அசுவினி கூட்டத்துக்கு நடுவுல கருப்பா ஆரஞ்சு புள்ளியோட குட்டி முதலை மாதிரி ஒண்ணு நடந்து போகும், அது பொறிவண்டோட புழு, அசுவினியைத் தின்னுதான் வளரும். மாவுப்பூச்சியைத் திங்குற பொறிவண்டு ஒண்ணு இருக்கு, அதோட புழு பார்க்க பெரிய மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா இருக்கும், ஆனா வெரசா நடக்கும். நான் அதைத்தான் பூச்சின்னு நெனச்சு நசுக்கிக்கிட்டு இருந்தேன். 2008ல பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள்ள வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு அழிச்சப்போ அதை அடக்குனது 2010ல போர்ட்டோ ரிக்கோவுலருந்து கொண்டுவந்து விட்ட ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவிதான். அவ்வளவு பெரிய வேலையைச் செய்யுற பூச்சிங்க நம்ம மாடிக்கும் வரும், எல்லாத்தையும் கொல்லுற மருந்தை அடிச்சா முதல்ல சாகுறது அதுங்கதான்.

எங்க அப்பத்தா ஆனி ஆடியில வேப்பம்பழம் பொறுக்கி, சதையைக் கழுவிட்டு நிழல்ல காயப் போட்டு சாக்குல கட்டி வச்சிரும். "வெயில்ல போடாத தாயி, சத்து போயிரும்"னு சொல்லும். மூணு மாசம் ஆன கொட்டைதான் கரைசலுக்கு நல்லது, எட்டு மாசத்தைத் தாண்டுனா வீரியம் குறைஞ்சுரும். அதனால ஆனி பொறந்ததும் ஒரு பையோட கிளம்புங்க, நம்ம ஊருல வேப்பமரத்துக்கா பஞ்சம்? நான் போன வருசம் மூணு கிலோ சேர்த்தேன், தை வரைக்கும் வந்துச்சு, அந்தத் தை மாசம்தான் என் கத்தரியில முதல் தடவையா ஓட்டை இல்லாத காயா ஒரு கிலோ பறிச்சு எண்ணெய்க் கத்தரிக்கா வச்சோம்.