கந்தரோடைக்கு மாலையில் போங்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய இடங்களைப் பார்க்க வருகிறவர்களில் பலர் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு சைக்கிள் கிடைத்தால் காலையில் நல்லூருக்குப் போங்கள். பருத்தித்துறை வீதியில், யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் சங்கிலியன் தோப்பு வளைவும் மந்திரிமனையும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. மந்திரிமனை பழுதடைந்த கட்டடம். வெளியே நின்று பார்த்தால் போதும். அருகிலுள்ள யமுனா ஏரி 'ப' எழுத்தின் வடிவில் வெட்டப்பட்டது. கரையைச் சுற்றி நடந்தால்தான் அது பிடிபடும்.

சுன்னாகத்துக்கு அருகிலுள்ள கந்தரோடையை மட்டும் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறு பௌத்தத் தூபிகள் கூட்டமாக நிற்கும் அந்த இடத்தை 1917 அளவில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் அகழ்ந்தார். உச்சி வெயிலில் அந்தச் சிறு தூபிகள் வெறும் சாம்பல் நிறக் குமிழ்களாகத்தான் தெரியும். நாலரை மணிக்குமேல் வெயில் சாயும்போது தூபிகளின் முருகைக்கல்லில் (பவளப்பாறைக் கல்) ஒவ்வொரு துளையிலும் நிழல் விழும். படம் எடுக்க அதுவே நேரம். அளவு தெரிய, பக்கத்துத் தரையில் ஒரு பேனையை வையுங்கள், கல்லின் மேல் வேண்டாம்.

வழியில் பழைய மட்பாண்ட ஓட்டுத்துண்டு ஏதும் கண்ணில் பட்டால் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொல்பொருளை எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம்.