இடுப்பு எம்.ஆர்.ஐ.யோடு நின்றுவிடாதீர்கள்

எழுபது வயதைத் தாண்டியவர் கால் தள்ளாடுகிறது என்று வந்தால், கையில் பெரும்பாலும் ஓர் இடுப்பு எம்.ஆர்.ஐ. இருக்கும். இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையே, அதாவது எல்4-எல்5 டிஸ்க் தேய்வு என்று போட்டிருப்பார்கள். அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் ஏறக்குறைய அதுதான் வரும். உண்மையான காரணம் அதற்கு மேலே, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டான தண்டுவடத்தில் ஒரு கட்டியாகவும் இருக்கலாம். என் ஜூனியர்களிடம் ஃபிலிமை ஓரமாக வைத்துவிட்டு ஆளைப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் செருப்பைப் பற்றிக் கேளுங்கள். கழல்வது தெரிந்தும் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றால் பலவீனம். கழன்றதே தெரியாமல் வாசல்வரை நடந்து, பேத்தி சொல்லித்தான் தெரிந்தது என்றால் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் குளியல்: தோளில் சுடுகிற வெந்நீர் தொடையிலும் சுடுகிறதா? படுத்தால் முதுகுவலி கூடுகிறதா? சிறுநீர் அவசரத்தை ப்ராஸ்டேட் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘வயசானா அப்படித்தான்’ என்று வீட்டார் சொல்வார்கள். நாமும் சொல்லக் கூடாது.

அடுத்தது, தட்டினால் தானாகத் துள்ளும் ரிஃப்ளெக்ஸைப் பார்க்கும் சுத்தியல். முழங்கால் துள்ளி எழுந்து, உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் மேலே போனால், கோளாறு இடுப்பு டிஸ்க்கில் இல்லை. தண்டுவடம் எல்1-எல்2 மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே அழுத்தம் இருந்தால் ரிஃப்ளெக்ஸ் மங்கத்தான் செய்யும். சர்க்கரை நோயாளிக்குக் கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் ஏற்கெனவே போயிருக்கலாம், அதில் ஏமாற வேண்டாம்.

பிறகு ஊசிமுனையால் காலிலிருந்து மேலே தொட்டுக்கொண்டே வாருங்கள். ‘இப்ப நல்லா குத்துது’ என்கிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு. மார்புப் பகுதித் தண்டுவட நரம்புகளின் கணக்கில் தொப்புள் மட்டம் டி10, மார்புக்காம்பு டி4. முதுகுப் பக்கமும் பாருங்கள். கட்டி அந்தக் கோட்டுக்கு மேலேயும் இருக்கலாம். 1887-ல் லண்டனில் நரம்பியல் மருத்துவர் கவர்ஸ் கண்டறிந்து அறுவை மருத்துவர் ஹார்ஸ்லி எடுத்த தண்டுவடக் கட்டியும் முதலில் திறந்த இடத்தில் கிடைக்கவில்லை, இன்னும் மேலே போனபோதுதான் கிடைத்தது. ஆகவே முழு முதுகுத்தண்டுக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பேஸ்மேக்கர் விவரமும் முன்கூட்டியே வேண்டும்.

தண்டுவடத்துக்கு உள்ளேயே நடுவில் வீங்கி, மேல்முனையிலும் கீழ்முனையிலும் பழைய ரத்தம் கறுப்பாகத் தொப்பி போட்டிருந்தால் தண்டுவடத்துக்குள் வளரும் எபென்டைமோமா என்ற கட்டியை நினையுங்கள். முதியவரிடம் வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றையும் தேட வேண்டும். வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் தள்ளாடலாம், அந்த அளவையும் பாருங்கள்.

சந்தேகம் தீராதபோது ‘மைலைட்டிஸ்’, அதாவது தண்டுவட அழற்சி என்று சொல்லி ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள். இது எனக்குப் பெரிய கவலை. லிம்போமா என்ற புற்றுக்கட்டியாக இருந்தால் அது சுருங்கி, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியைக் குழப்பிவிடும். தண்டுவட உறையில் ரத்தக்குழாய்கள் தவறாக இணைந்துவிடும் டியூரல் ஃபிஸ்டுலாவாக இருந்தால் கால் மேலும் பலமிழக்கக்கூடும். தண்டுவடத்தின் மேல் நெளியும் ரத்தக்குழாய்கள் தெரிகின்றனவா என்று ரேடியாலஜிஸ்டிடம் நேரில் கேட்டுவிட்டு, நியூரோசர்ஜனிடமும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கால்பலம் மளமளவென்று இறங்கினாலோ அன்றைக்கே அனுப்புங்கள். அடுத்த வாரம் ஓ.பி.க்கு வரச் சொல்லாதீர்கள்.