சாவி இல்லாத கதவுப் பூட்டுக்குப் புதுச் சாவி

பழைய வீட்டை வாங்கும்போது எல்லாச் சாவியும் கைக்கு வரவில்லையா? முழுப் பூட்டையும் பெயர்க்க வேண்டாம். கைப்பிடியோடு வரும் மார்டைஸ் பூட்டுகள் (கதவின் கனத்துக்குள் பதித்திருப்பவை) பலவற்றில் சாவி நுழைகிற சிலிண்டர் மட்டும் தனியாகக் கழன்று வரும், சாவியோடு வரும் புது சிலிண்டரை அந்த இடத்தில் மாட்டினால் போதும். கதவைத் திறந்து வைத்து விளிம்பைப் பாருங்கள். பூட்டின் நாக்கு வெளியே வருகிற தகட்டில், சாவித் துளைக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றினாலும் சிலிண்டர் உடனே வராது, ஏனென்றால் அதன் நடுவில் உள்ள சின்னப் பல் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு தடுக்கும், வழக்கமாகச் சாவியை லேசாகத் திருப்பித்தான் அதை நேராக்குவார்கள். சாவி இல்லையே? உள்பக்கம் திருகு குமிழ் இருந்தால் அதை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இழுங்கள், ஓர் இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டு பக்கமும் சாவித் துளைதான் என்றால் தயவுசெய்து சுத்தியலை எடுக்காதீர்கள், பூட்டு ரிப்பேர் செய்பவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், கழற்றியதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். 60, 70 மி.மீ. என்று நீளம் மாறும். ஸ்க்ரூ துளையிலிருந்து இரு முனைக்கும் உள்ள தூரமும் பொருந்த வேண்டும். புதியதை மாட்டியதும் கதவைத் திறந்து வைத்தே நாலு தடவை பூட்டித் திறந்து பாருங்கள், பிறகு சாத்துங்கள்.