விசுவாசம் ஆட்டம் காணும்போது என்ன செய்வது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்துவிட்டது என்பதற்காக நீங்கள் விசுவாசத்தைவிட்டு விலகிப்போன பின்மாற்றக்காரர் ஆகிவிடவில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவை நேரில் கண்டு பணிந்துகொண்ட இடத்திலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு 28:17 மறைக்காமல் எழுதியிருக்கிறது. அந்தச் சிலரை ஓரமாக நிற்க வைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் அவர் அனுப்பவில்லை, எல்லோரையும் சேர்த்துத்தான் ‘புறப்பட்டுப் போய்’ என்றார்.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு எதில் சந்தேகம் என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். ‘எதையுமே நம்ப முடியவில்லை’ என்று எழுதினால் அது பதில் இல்லை, இன்னும் கொஞ்சம் கிளறுங்கள். தேவன் இருக்கிறாரா என்பதா, அவர் நல்லவரா என்பதா, நல்லவர்தான் ஆனால் என்னைக் கவனிக்கிறாரா என்பதா? மூன்றும் வேறு வேறு. வீட்டில் ஒரு மரணம் நடந்த பிறகு வரும் கேள்விக்குப் படைப்பைப் பற்றிய ஆதாரங்களை அடுக்கிக் காட்டி யாருக்கும் ஆறுதல் கிடைத்ததில்லை. அதேபோல, சுவிசேஷங்களை நம்பலாமா என்று நிஜமாகவே கேட்கிறவரிடம் ‘ஜெபம் பண்ணுங்க பிரதர், சரியாகிடும்’ என்று சொல்வதும் அவரை அவமதிப்பதுதான்.

அது அறிவு சார்ந்த கேள்வி என்றால் பயப்படாமல் தேடிப் படியுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுத் தினந்தோறும் ஆராய்ந்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் பாராட்டுகிறது. பவுலும் உயிர்த்தெழுதலைப் பற்றி எழுதும்போது, உயிர்த்தெழுந்த இயேசுவை ஒரே வேளையில் கண்ட 500-க்கும் அதிகமானவர்களில் பெரும்பாலானோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சேர்த்தே சொல்கிறார் (1 கொரிந்தியர் 15:6). போய் விசாரித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல இருக்கிறது அந்த வரி. ஒரே இரவில் எல்லாக் கேள்வியையும் முடித்துவிட வேண்டும் என்று மட்டும் உட்காராதீர்கள்.

காயத்திலிருந்து வரும் சந்தேகம்தான் அதிகம் என்பது என் கணிப்பு, அதற்கு ஆதாரம் தேடுவதைவிட ஆண்டவரிடமே போய் முறையிடுவது நல்லது. மரியாதையான வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று 13-ஆம் சங்கீதம் நேரடியாகவே கேட்கிறது. 88-ஆம் சங்கீதமோ கடைசி வரியில்கூட வெளிச்சத்துக்கு வராமல் இருளிலேயே முடிகிறது, அதையும் எடுத்துவிடாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் இந்த இரண்டையும் சத்தமாக வாசித்தாலே போதும், அதுவே ஜெபம். அதுவும் முடியாவிட்டால் மாற்கு 9:24-இல், மகனைக் குணமாக்கும்படி இயேசுவிடம் கொண்டுவந்த ஒரு தகப்பன் சொன்னது இருக்கிறது: ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.’ பாதி நம்பிக்கையோடு வந்தவர்தான், ஆனாலும் அவருடைய மகன் குணமானான்.

இன்னொரு வகையைப் பலர் கவனிப்பதே இல்லை: களைப்பு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு ‘போதும் கர்த்தாவே’ என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றான், எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). கேள்வியும் பதிலும் அதற்கு அப்புறம்தான். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள், அதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

விட மனமில்லாத ஒரு பாவத்துக்குத் திரையாகச் சந்தேகத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அது நீங்களா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும்.

இனி நம்பப் பழகுவது. மனதில் ஒரு உணர்வு வரட்டும் என்று காத்திருந்தால் நாள்தான் போகும், தெரிந்த ஒரு சின்னக் காரியத்தில் இன்றைக்குக் கீழ்ப்படியுங்கள். ஒருவரை மன்னிக்க வேண்டியிருக்கலாம், ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கலாம். பிறகு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடந்ததும் தேவன் 12 கற்களை எடுத்து நிறுத்தச் சொன்னது பிற்பாடு பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதற்காகத்தான், ஏனென்றால் நாம் மறந்துபோகிறவர்கள். கேட்ட ஜெபத்தைத் தேதியோடு எழுதுங்கள், கிடைத்ததையும் எழுதுங்கள், கிடைக்காததையும் எழுதுங்கள். சாட்சி நேரத்தில் வெற்றிகளை மட்டுமே கேட்டுக் கேட்டு, பதில் வராத ஜெபம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ராஜாவின் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர், தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன கையோடு, ‘விடுவிக்காமற்போனாலும்’ சிலையை வணங்க மாட்டோம் என்றும் சொன்னார்கள் (தானியேல் 3:17, 18). நம்பிக்கை என்று நான் எண்ணுவது அந்த இரண்டாவது வரியைத்தான்.

‘சந்தேகப்படுகிறவன் எதையும் பெறமாட்டான்’ என்று யாக்கோபு 1-ஐக் காட்டி மிரட்டுகிறவர்கள் இருப்பார்கள். அதற்கு முந்தைய 5-ஆம் வசனத்தில் தேவன் ‘ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்’ என்று இருக்கிறது, அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, சபையை விட்டு ஒதுங்காதீர்கள். இயேசு உயிர்த்தெழுந்ததைச் சீஷரான தோமா நம்பாமல் இருந்த அந்த எட்டு நாளும் எங்கே போனார் வந்தார் என்று தெரியாது, ஆனால் இயேசு மறுபடி வந்தபோது மற்ற சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தார். எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை, ஒருவரிடம் சொன்னால் போதும். போதகராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கஷ்டங்களைக் கடந்து வந்த ஒரு வயதான விசுவாசியாக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் பேசி முடிப்பதற்குள் வசனம் சொல்லி வாயை அடைக்கிறாரா, நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள்.